ஓலை, ஓடு, உலோகம்: கூரை சொல்லும் வரலாறு

யூபிலி மலர்களில் ஆலய வரலாறு எழுதுவோர் எவற்றை எழுதுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். அடிக்கல் நாட்டிய நாள், பணியாற்றிய பங்குத் தந்தையர் வரிசை, பீடம் அமைந்த விதம், மணி வந்த கதை, பாதுகாவலர் சுரூபம் வந்திறங்கிய நாள் ஆகிய யாவும் இடம்பெறும். கூரையைப் பற்றி எழுதுவோர் அரிது. ஒழுகும்போது மட்டுமே அதை அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. ஆயினும் நற்செய்தியில் கூரைக்கு ஓர் இடம் உண்டு. கப்பர்நகூமில் நால்வர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூட்ட மிகுதியால் வாயில் வழியே நுழைய இயலாமல், கூரையைப் பிரித்து அவனை இயேசுவின் முன்னிலையில் இறக்கினார்கள். கூரை பிரிந்த அவ்வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதை நற்செய்தியாளர் எழுதவில்லை. மறுநாளே ஆளனுப்பித் தச்சனை அழைத்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம்.

இவ்விழா மலரில் நாம் கூரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. யூபிலி நினைவாக நமது பங்குச் சமூகக் கூடத்தின் பழுதுபட்ட ஓட்டுக் கூரையை அகற்றி, உலோகத் தகடு வேய்வதெனப் பங்குப் பேரவை முடிவு செய்துள்ளது. ஞாயிறுதோறும் நம் சிறார் மறைக்கல்வி பயிலும் இடம் அது. நம் வீட்டுத் திருமணங்கள் நடக்கும் இடமும் அதுவே. எந்தத் தகடு, என்ன விலை, என்ன வண்ணம் என்ற பேச்சு கோயில் முற்றத்தில் மும்முரமாக நடக்கிறது. அதை எதைக்கொண்டு இறுகக் கட்டுவது என்ற பேச்சு மட்டும் காதில் விழக் காணோம். உலோகக் கூரையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், தகடு தோற்றுப்போன இடங்களைக் காட்டிலும் கட்டு தோற்றுப்போன இடங்களே மிகுதி என்பது விளங்கும். அந்த வரலாற்றை நம் மக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையும் ஓடும்

புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அக்காலந்தொட்டு நம் நாட்டுப் பல ஊர்களில் முதல் ஆலயம் என்பது மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்த சிறு குடிசையாகவே இருந்தது. இன்று உலகெங்கும் பெயர் விளங்கும் வேளாங்கண்ணித் திருத்தலமும் ஒரு கீற்றுக் கொட்டகையில்தான் தொடங்கியது என்பது வழிவழி வந்த செய்தி. கடலில் புயலினின்று தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் அதனைக் கல்லும் காரையும் கொண்ட ஆலயமாக மாற்றினர் என்றும் அம்மரபு கூறுகிறது.

ஓலைக்கூரைக்குக் குளிர்ச்சி உண்டு. செலவும் குறைவு. ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ ஊர் கூடி வேய்ந்தாக வேண்டும் என்பதால், ஊரை ஒன்றுசேர்க்கும் குணமும் அதற்கு இருந்தது. ஆனால் தீக்கு அது எளிய இரை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில் எழுந்த தீ கீற்றுக்கூரையைப் பற்றி 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்ததை நினைக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகிறது. அதன் பின்னரே பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாதென அரசு கண்டிப்பாக உத்தரவிட்டது. கூரை என்பது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதை நம் தமிழகம் கற்றுக்கொண்ட விதம் அது.

ஓலைக்கு அடுத்து நாட்டோடு வந்தது. 1865-இல் பாசல் மிஷன் சபையினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னர், ஒன்றோடொன்று கொக்கியிட்டுப் பொருந்தும் மங்களூர் ஓடு நாடெங்கும் பரவிற்று. கோயில், பள்ளிக்கூடம், இரயில் நிலையம் எதுவாயினும் செந்நிற ஓடு என்றாயிற்று. நம் கூடத்தின் கூரையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஓட்டுக்கூரையில் ஓர் இரகசியம் உண்டு. 100 சதுர அடி கொண்ட ஒரு சதுரத்துக்கு ஓட்டின் எடை மட்டுமே 350 கிலோவுக்கு மேல் வரும். மேலும், ஓடுகளின் இடுக்கு வழியே காற்று சற்றுப் புகுந்து வெளியேறும். ஆகவே ஓட்டைப் பெரும்பாலும் அதன் எடையே பிடித்து வைத்திருக்கிறது. இதை நினைவில் இருத்துவோம். உலோகத் தகட்டுக்கு வரும்போது இது தேவைப்படும்.

இடையில் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடும் மலிவு காரணமாக நம் ஊர்களில் ஏராளமாக ஏறிற்று. அதன் இழைத்தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும் என்றும், அதில் எந்த வகையும் இதற்கு விலக்கல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. பேரவையில் அதன் பெயர் எழுந்தபோது உடனே ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே.

வெண்கலமும் ஈயமும் செம்பும்

உலோகத்தால் கூரை வேய்வது புதிய வழக்கமன்று. சிதம்பரத்தில் சோழ மன்னர் பொன் வேய்ந்ததைத் தமிழர் யாவரும் அறிவர். உரோமை நகரில் பாந்தெயோன் எனும் பழங்கோயில், 609-ஆம் ஆண்டில் பாப்பு நான்காம் போனிபாசால் தேவதாயின் பெயரில் கிறிஸ்தவ ஆலயமாக நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் குவிமாடத்தைப் போர்த்தியிருந்த வெண்கல ஓடுகளை 663-இல் அங்கு வந்த பிசாந்திய மன்னன் இரண்டாம் கொன்ஸ்தான்ஸ் பெயர்த்து எடுத்துச் சென்றான். அடுத்த நூற்றாண்டில் பாப்பு மூன்றாம் கிரகோரியார் ஈயத் தகடு வேய்ந்து அதைக் காத்தார். விலையுயர்ந்த கூரை கள்வரையும் மன்னரையும் ஒருங்கே அழைக்கும் என்பது அந்நாளைய பாடம்.

ஐரோப்பாவின் பேராலயங்கள் பல மரச்சட்டத்தின்மேல் ஈயம் போர்த்தியவை. ஈயம் மெத்தென வளையும், துருப்பிடிக்காது. ஆனால் அடியில் நிற்பது மரம். 1836-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டுச் சார்த்ர் பேராலயத்தில் தீப்பிடித்து மரச்சட்டம் முழுவதும் எரிந்தது. ஈயம் உருகி வழிந்தது. மீண்டும் கட்டியபோது அவர்கள் மரத்தை நாடவில்லை. இரும்பினால் சட்டம் அமைத்து, அதன்மேல் செம்புத் தகடு வேய்ந்தனர். களிம்பேறிப் பச்சை நிறம் பூண்டு இன்றும் அது நிற்கிறது. பாரிசு நகரின் நோத்ர் தாம் பேராலயத்தில் பழைய மரச்சட்டமும் ஈயக்கூரையும் அப்படியே இருந்தன. 2019 ஏப்ரல் 15 மாலையில் அவை எரிந்து வீழ்ந்ததை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. 2024 டிசம்பரில் அவ்வாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மேலே போர்த்தும் உலோகம் எதுவாயினும், அதைத் தாங்கும் எலும்புக்கூடு எதுவென்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இவ்விரு ஆலயங்களும் நமக்குப் போதிக்கின்றன.

ஏழைகளின் உலோகம்

செம்பும் ஈயமும் பேராலயங்களுக்கே கட்டும். சாதாரண மக்களுக்கு உலோகக் கூரையைக் கொண்டு வந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். இலண்டன் துறைமுகத்தில் பொறியாளராயிருந்த ஹென்றி பாமர் என்பவர் 1829-இல் இரும்புத் தகட்டை அலையலையாக நெளிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு வெறுங்காகிதத்தை இரு விளிம்பில் தாங்கினால் நடுவே தொய்ந்துவிடும். அதையே விசிறிபோல் மடித்தால் ஒரு புத்தகத்தைத் தாங்கும். பாமரின் கருத்தும் அதுவே. மெல்லிய தகடு நெளிவினால் பலம் பெற்றது.

ஆயினும் இரும்பு துருப்பிடித்தது. 1837-இல் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் எனும் பிரெஞ்சுக்காரர் இரும்பைச் சுத்தம் செய்து உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் வெறும் போர்வையாக மட்டும் நிற்பதில்லை. தகட்டில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், அருகிலுள்ள துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். தன்னை அழித்துப் பிறரைக் காக்கும் இக்குணத்தைப் பொறியாளர்களே ‘தியாகக் காப்பு’ என்று அழைப்பது நம் போன்றோருக்குப் பொருள் பொதிந்த செய்தி.

நாம் ‘தகரம்’ என்று அழைப்பது இதைத்தான். உண்மையில் தகரம் என்பது வெள்ளீயம். கூரைமேல் கிடப்பது துத்தநாகம் பூசிய இரும்பு. கடைக்காரர் ஜி.ஐ. ஷீட் என்பார். மாட்டு வண்டியிலும் தலைச்சுமையிலும் ஏற்றிச் செல்லக்கூடிய இலேசான பொருளாகையால், மலைத்தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளும், தொழிலாளர் வரிசை வீடுகளும், அவர்கள் வழிபட்ட சிற்றாலயங்களும் இதனாலேயே கூரை பெற்றன.

மணிலாவின் உருக்கு ஆலயம்

உலோகத்தின்மேல் வைத்த நம்பிக்கைக்குத் தலையாய எடுத்துக்காட்டு பிலிப்பைன்சு நாட்டுத் தலைநகர் மணிலாவிலுள்ள புனித செபஸ்தியார் பசிலிக்கா. அவ்விடத்தில் முன்பிருந்த ஆலயங்கள் ஒருமுறை தீயாலும், பின்னர் 1859, 1863, 1880 ஆண்டுகளின் நிலநடுக்கங்களாலும் பாழாயின. ‘இனித் தீயும் நடுக்கமும் வெல்லாத ஆலயம் கட்டுவோம்’ என்று அகுஸ்தீன் சபைத் துறவியர் துணிந்தனர். சுவர், தூண், கூரை யாவும் உருக்கினால் ஆனவை. பகுதி பகுதியாகப் பெல்ஜியத்தில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தன. 1891-இல் ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது.

நிலநடுக்கத்தை அது வென்றது, தீயையும் வென்றது. நீரை வெல்லவில்லை. மணிலா வளைகுடாவின் உப்புக்காற்றும் மழையும் ஓயாமல் உழைத்தன. கூரையிலும் இணைப்புகளிலும் கசிந்த நீர் உள்ளே குழாய்போலிருக்கும் தூண்களில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் துருவை வளர்த்தது. வெளியே வண்ணப்பூச்சு பளபளக்க, உள்ளே இரும்பு அரிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அங்கே செப்பனிடும் பணி நடைபெற்று வருகிறது. கடலோரப் பங்கினராகிய நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. உலோகம் ஒரே நாளில் இடிந்து விழாது; நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

டார்வின் நகரின் கிறிஸ்துமஸ் இரவு

மேற்கூறியவை மெல்ல வந்த அழிவு. ஓரிரவில் வந்த அழிவும் உண்டு. 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 24 நள்ளிரவுக்குப் பின், பாலன் பிறப்பு விழாவன்று, ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரை ‘திரேசி’ என்னும் புயல் தாக்கியது. காற்றளக்கும் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைப் பதிவு செய்தபின் பழுதாயிற்று. விடிந்து பார்த்தபோது நகரின் கட்டடங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அழிந்து கிடந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்களில் பெரும்பாலோரை விமானமேற்றி வேறு ஊர்களுக்கு அனுப்ப நேர்ந்தது.

அவ்வீடுகள் பலவற்றின் கூரை நெளிதகடே. தகடு புதியது, பூச்சு நல்லது, திருகாணிகளும் கணக்குப்படி போடப்பட்டவையே. பின் ஏன் பறந்தன? பொறியாளர்கள் சிதறிய தகடுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார்கள். திருகாணிகள் பல தம்மிடத்திலேயே இருந்தன; தகடுதான் ஆணித்தலையைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. இழுத்து, விட்டு, மீண்டும் இழுக்கும். ஒரு கம்பியை ஒரே மூச்சில் இழுத்து அறுக்க முடியாவிட்டாலும், பத்து முறை மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோல, மணிக்கணக்கில் காற்று ஆட்டிய ஆட்டத்தில் ஆணியைச் சுற்றிய தகடு களைத்து, வெடித்து, கிழிந்தது. அதற்குமுன் சோதனைச் சாலைகளில் தகட்டை ஒரே சீராக இழுத்தே பலம் பார்த்திருந்தனர். கூரை போனபின், அதன் பிடியில் நின்ற சுவர்களும் சரிந்தன.

அந்த இரவுக்குப் பின் ஆஸ்திரேலியாவில் கட்டட விதிகள் மாறின. தகட்டையும் ஆணியையும் சேர்த்து ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதிக்கும் முறை வந்தது. ஆணித்தலையின் அடியில் அகன்ற வாஷர் வைப்பதும், கூரையிலிருந்து அத்திவாரம் வரை ஒரே தொடராகக் கட்டிப் பிணைப்பதும் வழக்கமாயின. பெரிய பாடத்தைக் கற்பித்தது ஒரு சிறிய வாஷர்.

நம் கடற்கரையிலும் இதற்குச் சான்று உண்டு. 2011 டிசம்பர் 30-இல் கடலூர், புதுவைப் பகுதியைத் தாக்கிய ‘தானே’ புயலிலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரணியம் அருகே கரையேறிய ‘கஜா’ புயலிலும் தகரங்கள் பட்டம்போல் பறந்ததைக் கண்டோர் நம்மிடையே உள்ளனர். பறக்கும் தகடு அரிவாளுக்கு ஒப்பானது. நம் கூரை பறந்தால் நமக்கு மட்டுமன்று, அடுத்த தெருவுக்கும் ஆபத்து.

ஒரு சிறு கணக்கு

இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்குக் கணக்கிடச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இவ்வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒரு சதுரத்துக்குக் கணக்கிட்டால் 1,400 கிலோ அளவுக்கு வரும். கூரையின் முகடு, இறவாரம், மூலை ஆகிய இடங்களில் மேல்நோக்கிய இழுப்பு இவ்வளவை எட்டும். சில வேளை தாண்டும். அரை மில்லிமீட்டர் நெளிதகடோ சதுரத்துக்கு 50 கிலோவுக்கும் குறைவான எடையுடையது. முன்பு சொன்ன ஓட்டின் எடையை இங்கே நினைவுகூர்வோம். ஓட்டை எடை பிடித்து வைக்கிறது. தகட்டைப் பிடித்து வைப்பது ஆணியும், ஆணி இறங்கிய சட்டமும், சட்டத்தைத் தாங்கும் சுவரின் பிணைப்புமே. நாற்புறமும் திறந்த கொட்டகையாயின் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தூக்கும். கட்டு இன்னும் வலுவாக வேண்டும்.

தகட்டைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்குச் சென்றால் முதலில் கேட்பது கனம். கேஜ் கணக்கில் எண் கூடக் கூடத் தகடு மெலிதாகும் என்பதை அறியாமல் ஏமாறுவோர் உண்டு. ஆகவே மில்லிமீட்டரில் கேட்பதே நன்று. வண்ணம் பூசிய தகடாயின், சொல்லப்படும் கனம் வண்ணத்தையும் சேர்த்தா, இரும்புக்கு மட்டுமா என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

கனத்தைவிட முக்கியமானது பூச்சு. பலரும் இதைக் கேட்பதே இல்லை. ஒரு சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்பதே அளவு. 120 கிராம் தகடும் சந்தையில் உண்டு. 275 கிராம் தகடும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 275 கிராம் என்றாலும் ஒரு பக்கத்தில் படிவது தலைமயிரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் பாதியாகக் குறைத்தால் ஆயுளும் அவ்வாறே குறையும். கடற்காற்று படும் நம் ஊரில் பூச்சில் சிக்கனம் பிடிப்பது, குழந்தைக்குக் குடை வாங்கித் துணியில் சிக்கனம் பிடிப்பது போலாகும்.

1972 முதல் விற்பனைக்கு வந்த மற்றொரு வகை, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுடையது. அதில் அலுமினியம் நூற்றுக்கு 55 பங்கு, மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம், சிறிது சிலிக்கன். வெறும் துத்தநாகப் பூச்சைவிட இது பெரும்பாலான இடங்களில் நீடித்து உழைக்கிறது. முழு அலுமினியத் தகடும் உண்டு. துருப்பிடிக்காது, ஆனால் மெத்தென்றிருக்கும். வெயிலில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 40 அடி நீள இரும்புத் தகடே இரவுக்குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 6 மில்லிமீட்டர் வரை நீளும். அந்த அசைவுக்கு இடம் விடாமல் ஆணி அடித்தால், துளைகள் நாளடைவில் நீள்வட்டமாகித் தண்ணீர் கசியும்.

இரு உலோகங்களை நனையவிட்டு ஒன்றாக வைக்கலாகாது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது. நியூயார்க் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவி சிலையின் மேனி செம்பு; உள்ளெலும்பு இரும்பு. இடையில் வைத்திருந்த காப்பு நைந்துபோனதால் இரும்பு அரித்துப்போயிற்று. 1986-ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவுக்குள் அவ்விரும்பை மாற்றித் துருவேறா எஃகு பொருத்த நேர்ந்தது. நம் கூடத்தின் முகப்புச் சிலுவையிலிருந்து இறங்கும் இடிதாங்கியின் செம்புப் பட்டையைத் தகட்டின்மேல் படுக்க விடாமலும், செம்பின்மேல் வழியும் மழைநீர் தகட்டில் ஓடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் முறை

வாட்டம்: ஐந்தடி நீளத்துக்கு ஓரடியாவது சரிவு இருந்தால் தண்ணீர் தங்காது. வாட்டம் குறைந்தால் காற்று மழைநீரைத் தகட்டிடுக்கில் ஏற்றிவிடும்.

அடுக்கு: இறவாரத்திலிருந்து முகடு நோக்கி வேய வேண்டும். மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை முதல் இரண்டு நெளிவு ஏறட்டும். நம் ஊரில் பலத்த மழைக்காற்று எப்பக்கமிருந்து வருகிறதோ, அதற்கு எதிர்க்கோடியில் வேலையைத் தொடங்கினால், காற்று இடுக்கில் நுழையாமல் அதன்மேல் தடவிச் செல்லும்.

ஆணி: நெளிதகட்டில் துளை நெளிவின் மேட்டிலேயே இருக்க வேண்டும், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். பழைய வழக்கப்படி ஜே போல்ட் ஆயினும், இக்காலத் தானே துளையிடும் திருகாணி ஆயினும், அதற்கும் துத்தநாகப் பூச்சு வேண்டும். அடியில் அகன்ற வாஷரும் இரப்பர் வில்லையும் வேண்டும். தளர்வாக முடுக்கினால் ஒழுகும். மிகையாக முடுக்கினால் இரப்பர் பிதுங்கி, மேடு நசுங்கி, அங்கேயே கிழிசல் தொடங்கும். டார்வினில் கிழிந்தது ஆணியைச் சுற்றியே என்பதை மறவாதிருப்போம். இறவாரம், முகடு, மூலைகளில் ஆணிகளின் இடைவெளி நெருங்க வேண்டும்.

சட்டமும் சுவரும்: ஆணி எவ்வளவு நல்லதாயினும், அது பிடிக்கும் சட்டம் சுவரோடு போல்ட்டினால் பிணைக்கப்படாவிட்டால் முழுக் கூரையும் ஒன்றாய் எழும்பும். பழைய ஓட்டுக்கூரையின் மரங்கள் எடையைத் தாங்க அமைக்கப்பட்டவை. மேல்நோக்கி இழுக்கும் விசையைத் தடுக்க அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே ‘இருக்கிற மரத்தின்மேலேயே தகட்டைப் போட்டுவிடலாம்’ என்னும் யோசனை சிக்கனமாகத் தோன்றினாலும் ஏற்கத்தக்கதன்று.

சுத்தம்: துளையிடும்போது விழும் இரும்புத் தூளை அன்றே பெருக்கித் தள்ள வேண்டும், ஒரே மழையில் அது துருவாகித் தகட்டில் கறை பிடிக்கும். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் பூச்சை அரிக்கும். வாங்கிய தகடுகளை நனையவிட்டு அடுக்கி வைத்தால், கூரை ஏறுமுன்னே வெண்துரு பிடித்துவிடும்.

வேலையாள்: கூரைமேல் ஏறுவோர் சட்டத்தின் நேராகக் கால் வைக்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். நம் கூலியாட்கள் இதைச் சிரித்துத் தள்ளுவர். நாம் சிரிக்கலாகாது.

வெப்பமும் ஓசையும் பற்றிக் கவலை தெரிவித்தோர் உண்டு. நியாயமான கவலையே. வெண்மை அல்லது வெளிர் நிறத் தகடு, அடியில் வெப்பந்தடுக்கும் படலம், சிறிது இடைவெளிவிட்டு உட்கூரை, முகட்டில் காற்றுப்போக்கி ஆகியவை இருந்தால் சித்திரை வெயிலும் தணியும். மழை நாளில் மறைக்கல்வி ஆசிரியரின் குரலும் பிள்ளைகள் காதில் விழும். ஆயினும் எவ்வளவு செம்மையாக வேய்ந்தாலும், புயல் எச்சரிக்கை நாளில் இக்கூடத்தைத் தஞ்சமாகக் கொள்ள வேண்டாம். அதற்கென உள்ள கான்கிரீட்டுப் பாதுகாப்பு இல்லங்களுக்கே செல்ல வேண்டும்.

கூரை கட்டுவோரின் பொறுப்பு

உபாகம நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு சட்டம் உள்ளது. புதுவீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் யாரேனும் விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்பது அதன் பொருள். குருமடத்தில் இதை வாசித்த நாளில் பழங்கால ஊர்க்கட்டுப்பாடு என்றே தோன்றியிருக்கலாம். பங்கின் பொறுப்பில் நின்று பார்க்கும்போது, கூரை கட்டுவோர் அனைவருக்கும் அது இன்றும் உயிருள்ள சட்டமாகத் தெரிகிறது.

‘ஒரு குடும்பம், ஒரு தகடு’ என்னும் திட்டத்துக்கு நம் மக்கள் மனமுவந்து நன்கொடை தந்து வருகின்றனர். மீன்பாட்டுக் குறைந்த மாதத்திலும் கொடுத்தவர்கள் உண்டு. அப்பணத்தில் ஒரு காசும் வீணாகலாகாது என்பதாலேயே இவ்வளவும் எழுதினோம். தகடு கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் வரும். ஆணியும் வாஷரும் கொடுத்தவர் பெயர் வருவதில்லை. எனவே ஆணிக்கும் வாஷருக்கும் பிணைப்புக் கம்பிக்கும் தனியே நன்கொடை கேட்கிறோம். பெயர் வேண்டாதவர்கள் முன்வரட்டும். நம் பங்கை இத்தனை ஆண்டு பிடித்து வைத்திருந்தவர்களும் அத்தகையோரே.

கூரை ஏறியபின் பணி முடிந்ததாகக் கருத வேண்டாம். ஆண்டுதோறும் செப்டம்பர் 8, மாதா பிறப்பு விழா முடிந்த வாரத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், இளைஞர் மன்றத்தார் ஒவ்வோர் ஆணியையும் பார்த்துத் தளர்ந்ததை முடுக்கி, இரப்பர் நைந்ததை மாற்றி, நீர்த்தாரையில் சேர்ந்த சருகை அகற்ற வேண்டும் என்று பேரவையின் குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளோம். இனி வரும் பங்குத் தந்தையரும் அதைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அக்கூரையின்கீழ் அமரப்போகும் நம் சிறார் அனைவரையும் ஆரோக்கிய அன்னை தம் போர்வைக்குள் வைத்துக் காப்பாராக.